விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருப்பவருக்குத் துணையாக இருப்பது: அனுமதி முதல் வீடு திரும்பும் வரை

பலத்த அடிபட்டவருக்கு அறுவை சிகிச்சை செய்வதும் மருந்து கொடுப்பதும் டாக்டர்கள், நர்ஸுகளின் வேலை. அவர்கள் முறை மாறி மாறி வருவார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் பல நோயாளிகள் இருப்பார்கள். ஒரே ஒருவரை மட்டும் காலை முதல் இரவு வரை பார்த்துக்கொண்டிருப்பது கூடத் தங்கும் குடும்பத்தார்தான். அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார், எப்படித் தூங்குவார் என்று தெரிந்தவர்களும் அவர்களே. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்து, உரியவரிடம் தெளிவாகச் சொல்வதுதான் குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான்.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர்கள் பலரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்து, சீக்கிரமே களைத்துவிடுகிறார்கள். அதனால் முதல் படி நோயாளியைப் பற்றியதே இல்லை. ஆட்களைப் பற்றியது.

1. ஆட்களையும் வேலைகளையும் பிரியுங்கள்

டாக்டரிடம் பேச ஒருவர் மட்டும் போதும். அவர் இல்லாத நேரத்துக்கு இன்னொருவர். ஐந்து பேர் ஐந்து டாக்டர்களிடம் கேட்டால் ஐந்து விதமான பதில் கிடைக்கும். எலும்பு டாக்டர் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பது காலைப் பற்றி மட்டும் இருக்கலாம். மூளை டாக்டரின் கவலை வேறாக இருக்கும். இரண்டையும் கேட்டவர் ஒருவராக இருந்தால்தான் முழுப் படம் தெரியும்.

இந்தப் பொறுப்பு மிக நெருங்கியவருக்கே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. மனைவியோ தாயோ உடைந்து போயிருக்கும்போது, நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு தம்பியோ சித்தப்பாவோ அதைச் செய்யட்டும். சிகிச்சை பற்றிய முடிவு மட்டும் உரியவர்களோடு பேசி எடுக்கப்படட்டும்.

கூடத் தங்குபவர்களுக்கு முறை வையுங்கள். இரவில் விழித்திருந்தவர் மறுநாள் பகலில் தூங்கியே ஆக வேண்டும். பணம், காப்பீடு, போலீஸ் விசாரணை, வேலை இடத்துக்குத் தகவல், வீட்டில் உள்ள குழந்தைகள் எல்லாவற்றையும் மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உறவினர்களுக்குத் தகவல் சொல்ல இன்னொருவர். நாளுக்கு ஒரு முறை, ஒரே செய்தி, எல்லோருக்கும். இது இல்லாவிட்டால் படுக்கை அருகே இருப்பவர் நாள் முழுக்கப் போனில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நோயாளியைப் பார்க்க நேரம் இருக்காது.

2. டாக்டர்களுக்குத் தேவையான தகவலை முதல் மணி நேரங்களிலேயே கொடுங்கள்

அடிபட்டவரால் பேச முடியாத நிலையில், அவருடைய உடல்நல வரலாறு உங்களிடம்தான் இருக்கிறது. எழுதியே கொடுங்கள்: தினமும் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, முன்பு நடந்த அறுவை சிகிச்சைகள், மயக்க மருந்தால் வந்த சிக்கல், கர்ப்பமாக இருந்தால் அது, கடைசியாக எப்போது சாப்பிட்டார்.

இதில் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தவறாமல் சொல்ல வேண்டும். அது உடலில் இருந்தால், தலைக்குள் சிறிதாகத் தொடங்கும் ரத்தக்கசிவுகூடப் பெரிதாகிவிடலாம். மாத்திரையின் பெயர் தெரியவில்லையா? அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விபத்து எப்படி நடந்தது என்பதும் மருத்துவத் தகவல்தான். எந்த வேகம், எந்தப் பக்கம் மோதல், ஹெல்மெட் அல்லது சீட் பெல்ட் இருந்ததா, தூக்கி வீசப்பட்டாரா, நடுவில் நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா? வெளியே தெரியாத காயங்களை எங்கே தேடுவது என்று டாக்டர்கள் இதிலிருந்துதான் முடிவு செய்கிறார்கள்.

மது அருந்தியிருந்தால் மறைக்காதீர்கள். பழி வரும், காப்பீடு போய்விடும் என்ற பயத்தில் பல குடும்பங்கள் இதை மூடி மறைக்கின்றன. மயக்க மருந்தின் அளவும், நினைவு மங்கியிருப்பதற்கான காரணமும் இதைப் பொறுத்தது. தினமும் குடிப்பவர் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். திடீரென்று நிறுத்தும்போது இரண்டு மூன்று நாளில் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் மூன்றையும் பத்திரமாக வாங்கி வையுங்கள். பின்னால் இவை மிகவும் தேவைப்படும். விபத்தின்போது போட்டிருந்த உடைகளைத் துவைக்கவோ எறியவோ வேண்டாம், விசாரணைக்குக் கேட்கலாம்.

3. ஒரு நோட்டுப் போடுங்கள்

போனில் எழுதினால் அது ஒருவரோடு வீட்டுக்குப் போய்விடும். காகித நோட்டு படுக்கை அருகே இருக்கும். முறை மாறி வருபவர் படித்துவிட்டுத் தொடரலாம். தேதி, நேரம், யார் சொன்னார், என்ன சொன்னார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாற்றிய மருந்து எல்லாம் அதில் ஏறட்டும்.

கடைசிப் பக்கங்களைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கிடைப்பது சில நிமிடங்கள்தான். அப்போது யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. தினமும் கேட்க இந்த நான்கு போதும்:

இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் முக்கியமான கவலை எது?
நேற்றோடு ஒப்பிட்டால் நிலைமை எப்படி?
அடுத்த 24 மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்?
எதைப் பார்த்தால் நாங்கள் உடனே கூப்பிட வேண்டும்?

"பிழைத்துவிடுவாரா?", "எப்போது நடப்பார்?" என்று முதல் நாளே வற்புறுத்திக் கேட்பதால் பயன் இல்லை. அந்தக் கட்டத்தில் அவர்களுக்கே தெரியாது. தெரிந்ததுபோல் யாராவது சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏமாந்து போவீர்கள்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன செய்கிறார்கள், ஏன், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். உயிர் காக்கும் அவசரத்தில் இதற்கு நேரம் இருக்காது. மற்ற சமயங்களில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நோயாளிக்காகத் தனியாக ஒரு சின்னக் குறிப்பேடும் எழுதலாம். "இன்று ட்யூப் எடுத்தார்கள், அக்கா வந்து பார்த்தாள்" என்று எளிமையாக. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் பெரும்பாலும் வெற்றிடமாகவோ, நடக்காத பயங்கரங்கள் நிறைந்ததாகவோ ஞாபகத்தில் இருக்கும். பின்னால் அதைப் படிக்கும்போது உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்து பலருக்கு ஆறுதலாக இருக்கிறது.

4. ஐசியூவுக்குள் போகும்போது

உள்ளே போகும் முன்னும் வெளியே வந்த பின்னும் கை கழுவுங்கள். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி தேய்க்க வேண்டும். பேருக்கு நனைத்துக்கொண்டு போவதால் பயனில்லை. உடலில் குழாய்கள் செருகியிருப்பவருக்குக் கிருமி நுழைய வழிகள் அதிகம். சளி, காய்ச்சல் இருந்தால் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் போகாதீர்கள்.

முதல் தடவை பார்க்கும்போது முகம் வீங்கி, அடையாளமே தெரியாமல் இருக்கலாம். எந்தக் குழாய் எதற்கு என்று நர்ஸிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். அப்புறம் மானிட்டரைப் பார்க்காமல் மனிதரைப் பாருங்கள். கை அசைந்தாலே அலாரம் அடிக்கும்.

வாய் வழியாகச் செயற்கைச் சுவாசக் குழாய் போட்டிருந்தால் அவரால் பேச முடியாது. குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போகிறது, அதனால்தான். குரல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. விழித்திருந்தால் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள்: "வலிக்கிறதா? ஆமாம் என்றால் என் கையை அழுத்து." எழுத்துகள் எழுதிய அட்டையைக் காட்டி விரலால் தொடச் சொல்லலாம்.

மயக்கத்தில் இருந்தாலும் பேசுங்கள். நீங்கள் யார், இது எந்த இடம், இன்று என்ன நாள் என்று சொல்லிவிட்டு வீட்டு விஷயம் பேசலாம். அழுகையும் சொத்து, பணம், பழி பற்றிய பேச்சும் அங்கே வேண்டாம். அவர் காதில் விழுவதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

கையில் உறையோ கட்டோ போட்டிருந்தால் பரிதாபப்பட்டு அவிழ்த்துவிடாதீர்கள். அரை மயக்கத்தில் சுவாசக் குழாயை இழுத்து எறிபவர்கள் உண்டு. கட்டு தேவைதானா, எப்போது எடுக்கலாம் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

5. திடீர்க் குழப்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

குடும்பங்களை அதிகம் உலுக்குவது இதுதான். நேற்று நன்றாகப் பேசியவர் இன்று "என்னைக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்" என்பார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். பெற்ற மகனையே திட்டுவார். இதற்கு டெலிரியம் என்று பெயர். காயம், தொற்று, மருந்துகள், தூக்கமின்மை, வலி எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்புகின்றன. பைத்தியம் பிடிக்கவில்லை, பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதற்கு இன்னொரு முகம் உண்டு: எதிலும் ஆர்வமின்றி, பேசாமல், சுருண்டு கிடப்பது. சத்தம் போடாததால் யாரும் கவனிப்பதில்லை. "அமைதியாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடுகிறார்கள். திடீரென்று இப்படி மாறினாலும் நர்ஸிடம் சொல்லுங்கள்.

வாதாட வேண்டாம். "பூச்சியே இல்லை, ஏன் உளறுகிறாய்?" என்றால் பயம் கூடும். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்குப் பயமாக இருக்கிறது, புரிகிறது. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றால் போதும். கண்ணாடியையும் காது கருவியையும் போட்டுவிடுங்கள். மங்கலாகத் தெரிவதும் பாதி கேட்பதும் குழப்பத்தை வளர்க்கும். பகலில் வெளிச்சம், கண்ணில் படும் இடத்தில் கடிகாரம், இரவில் இருட்டும் அமைதியும். தெரிந்த முகம் ஒன்று அருகில் இருப்பது மிகவும் உதவும்.

தலையில் அடிபட்டவர் விஷயம் கொஞ்சம் வேறு. நினைவு திரும்பிய பிறகும் சில நாட்களோ வாரங்களோ புதிய விஷயம் எதுவும் மனதில் தங்காமல் போகலாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். ஒவ்வொரு முறையும் முதல் முறைபோலப் பதில் சொல்லுங்கள். "நான் யார் சொல்லு பார்க்கலாம்" என்று வருகிறவர்கள் எல்லாம் தேர்வு வைப்பதைத் தடுத்துவிடுங்கள். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். அந்தக் களைப்பு எரிச்சலாக வெளிப்படும்.

6. படுக்கையில் இருக்கும் உடலைக் கவனியுங்கள்

வார்டுக்கு மாற்றியதும் குடும்பம் நிம்மதி அடைகிறது. நியாயமான நிம்மதிதான். ஆனால் அங்கே ஒரு நர்ஸுக்கு அதிக நோயாளிகள், மானிட்டரும் இருக்காது. உங்கள் பொறுப்பு கூடுவது இந்த நாளில்தான்.

படுக்கைப்புண்: தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பு, பின்மண்டை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். தோல் சிவந்தோ கருத்தோ இருந்து, விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாவிட்டால் புண்ணின் தொடக்கம் அது. அந்த இடத்தைத் தேய்க்காமல் நர்ஸிடம் காட்டுங்கள். முதுகெலும்பில் அடி என்றால் நீங்களாகத் திருப்பவே கூடாது. பல பேர் சேர்ந்து, தலை முதல் கால் வரை ஒரே நேர்கோட்டில் திருப்ப வேண்டும்.

கால்கள்: அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் பிடித்துவிடவோ எண்ணெய் தேய்க்கவோ கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பாசத்தோடு காலை அமுக்கிவிடுவது பலருக்கும் வழக்கம் என்பதால் இதை வருகிற எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்: டாக்டர் சொல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். தலையில் அடிபட்டவர்களுக்கும் சுவாசக் குழாய் எடுத்தவர்களுக்கும் விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மூக்கு வழிக் குழாயில் உணவு போகும்போதும் போன பிறகும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி என்றால் பட்டினிதான். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். வாயால் சாப்பிடத் தொடங்கிய பிறகு புரதம் நிறையத் தேவை. காயம் ஆறவும் இளைத்த தசை திரும்பவும் அதுதான் மூலப்பொருள்.

சிறுநீர்ப் பை: எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையைத் தொட வேண்டாம். மேலே தூக்கினால் பையில் உள்ளது திரும்பிப் போய்த் தொற்று வரும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பையை வயிற்றின் மேல் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

வலி: 0 முதல் 10 வரை எண் கேட்டு, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. விலா எலும்பு முறிந்தவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் மாட்டார். சளி தங்கி நிமோனியா வரும். வலி மருந்து கொடுத்த பிறகு மூச்சுப் பயிற்சி என்ற வரிசையைக் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். வீரியமான வலி மருந்துகள் மலச்சிக்கல் தரும். எத்தனை நாளாகப் போகவில்லை என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

7. உடனே கூப்பிட வேண்டிய நேரங்கள்

தலையில் அடி: முன்பைவிட அதிகத் தூக்கக் கலக்கம், எழுப்பினாலும் எழாமை, கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிவது.

எலும்பு முறிவு, மாவுக்கட்டு: வலி மருந்துக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரல்களை லேசாக நீட்டினாலே கத்தும் அளவு வலி, மரத்துப்போதல், விரல்கள் வெளிறுதல், கட்டு இறுகுவது போன்ற உணர்வு. உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். சில மணி நேரத்தில் தசை அழிந்துவிடும் என்பதால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

எல்லோருக்கும்: திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வயிறு கல்லாக இறுகுவது, சிறுநீர் மிகவும் குறைவது.

எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. "ஏதோ சரியில்லை சிஸ்டர்" என்றால் "பார்க்கிறேன்" என்று பதில் வரும். "காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தார். மதியம் 2 மணியிலிருந்து தோளைத் தட்டினால்தான் திறக்கிறார்" என்றால் உடனே வருவார்கள். யாரும் வரவில்லையா? டூட்டி டாக்டரை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். மரியாதையோடு விடாப்பிடியாக இருப்பதில் தவறே இல்லை.

8. கெட்ட செய்தியை மறைக்காமல் சொல்வது

அதே விபத்தில் இன்னொருவர் இறந்திருக்கலாம். அல்லது நோயாளியின் கால் எடுக்கப்பட்டிருக்கலாம். "இப்போது சொன்னால் தாங்க மாட்டார்" என்று குடும்பம் கூடிப் பொய் சொல்லத் தொடங்குகிறது. அந்தப் பொய் நிலைக்காது. வருகிறவர்களின் முகம், ஒரு போன் அழைப்பு, கட்டிலருகே கிசுகிசுப்பு ஏதோ ஒன்று காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் நீங்கள் சொல்லும் நல்ல செய்தியைக்கூட அவர் நம்ப மாட்டார்.

எப்போது சொல்லலாம் என்று டாக்டரிடம் முதலில் பேசுங்கள். குழப்பத்தில் இருப்பவருக்கும் சொன்னதை மறந்துவிடுபவருக்கும் காத்திருப்பதே நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு உடைவார். தெளிவு வந்து அவரே கேட்டால், அவர் அதிகம் நம்பும் ஒருவர், உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எளிய சொற்களில் சொல்லட்டும். "இறந்துவிட்டார்" என்றே சொல்ல வேண்டும். சுற்றி வளைத்தால் பொய் நம்பிக்கை மிஞ்சும். சொன்ன பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டு அழ விடுங்கள். அன்றிரவு அவரைத் தனியாக விடக் கூடாது. நர்ஸுக்கும் தெரிவித்து வையுங்கள்.

அதுவரை கேட்டால்? "அவருக்கும் பலத்த அடி. நீ தெளிவாக இருக்கும்போது எல்லாவற்றையும் சொல்கிறேன்" என்பது பொய்யில்லை.

யார் மேல் தப்பு என்ற பேச்சைக் கட்டில் அருகே யாரும் எடுக்கவே கூடாது.

9. பார்க்க வருகிறவர்கள்

ஒரு நேரத்தில் இருவர், பத்து நிமிடம். கட்டிலில் உட்கார வேண்டாம். வேறு விபத்துக் கதைகள் வேண்டாம். காயத்தைப் போட்டோ எடுக்க வேண்டாம். இதைச் சொல்லும் கெட்ட பெயரை நோயாளியின் மேல் விழவிடாமல் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.

10. எழுந்து உட்காரும் நாள்

படுத்தே இருப்பவருக்கு முதல் வாரத்திலேயே தசை வேகமாக இளைக்கிறது. அதனால்தான் வலியோடு இருப்பவரையும் பிசியோதெரபிஸ்ட் எழுப்பி உட்கார வைக்கிறார். "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

நேராக எழுந்து நிற்கவும் விடாதீர்கள். முதலில் தலைப்பக்கத்தை உயர்த்தி, அப்புறம் காலைத் தொங்கப்போட்டுச் சில நிமிடம் உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லை என்றால்தான் நிற்பது. படுத்தே இருந்த உடலில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்துவிடுவார்கள். எந்தக் காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

அவரால் முடிவதை அவரே செய்யட்டும். ஸ்பூனைப் பிடிப்பதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஊட்டிவிடுவது உங்களுக்கு நிறைவாக இருக்கும். அவருக்கு அன்றைய பயிற்சி போய்விடும்.

11. டிஸ்சார்ஜுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

"நாளைக்குப் போகலாம்" என்று சொன்ன பிறகு தொடங்கினால் தாமதம். வார்டுக்கு வந்ததுமே கேளுங்கள்: வீட்டில் என்ன மாற்றம் தேவைப்படும்? கட்டில் தரைத்தளத்தில் இருக்க வேண்டுமா? கழிவறையில் பிடிமானக் கம்பி, வீல்சேர் நுழையும் கதவு, வாக்கர்? இவற்றுக்கு நாள் பிடிக்கும்.

கட்டுப் போடுவது, குழாயில் உணவு கொடுப்பது, ஊசி போடுவது எதுவாக இருந்தாலும் வார்டில் நர்ஸ் பார்க்க, நீங்களே செய்து பழகுங்கள். பார்த்து வைத்துக்கொண்டது வீட்டில் கை நடுங்கும்போது உதவாது. வீட்டில் இதைச் செய்யப் போகிறவர் யாரோ, அவர்தான் பழக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே படியுங்கள். மாத்திரைப் பட்டியலை நீங்கள் புரிந்துகொண்டபடி நர்ஸிடம் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். விபத்துக்கு முன் சாப்பிட்ட மாத்திரைகளில் எது தொடரும், எது நிற்கும் என்பதுதான் இங்கே அதிகம் தவறிப்போகும் விஷயம். தையல் பிரிக்கும் தேதி, அடுத்த சந்திப்பு, இரவில் பிரச்சினை என்றால் கூப்பிட வேண்டிய எண், ஸ்கேன் நகல்கள் எல்லாம் கையில் வந்த பிறகு கிளம்புங்கள்.

12. வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள்

ஊர் முழுக்க வந்து பார்த்த காலம் முடிந்திருக்கும். கூட இருப்பவர் தனித்துப்போவது இப்போதுதான். மருத்துவமனையில் போட்ட முறையை வீட்டிலும் தொடருங்கள். "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்பவர்களிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்: செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் வந்து உட்கார முடியுமா என்று.

கெட்ட கனவு, வாகனச் சத்தத்துக்குத் திடுக்கிடுதல், விபத்து கண்முன் ஓடுதல் முதல் வாரங்களில் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இது அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும் பொருந்தும். உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

புகை பிடிப்பவர் என்றால் நிறுத்த இதுவே நேரம். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். தலையில் அடிபட்டவர் வண்டி ஓட்டுவது, வேலைக்குத் திரும்புவது இரண்டையும் டாக்டர் அனுமதித்த பிறகு தொடங்கட்டும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கவனமும் வேகமும் திரும்ப இன்னும் நாளாகலாம். முதலில் அரை நாள் வேலை, அப்புறம் முழு நாள் என்று முதலாளியிடம் அவர் சார்பில் நீங்கள் பேசி வைக்கலாம்.